டெவர்ஸை டிரேட் செய்தது சரியா, தப்பா? பாஸ்டன்காரர்கள் சொல்லுங்கள்

வால்தம்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வேலை மாறி பாஸ்டன் பக்கம் வந்தவன் நான். ஊரில் கிரிக்கெட் வெறியன். இங்கே ஆபீஸில் நாலு பேரோடு பேச வேண்டுமென்றால் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டம் பார்த்தாக வேண்டும் என்று ஆனது. கடனே என்று பார்க்க ஆரம்பித்து இப்போது உண்மையிலேயே பிடித்துவிட்டது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ரஃபேல் டெவர்ஸ் என்று பெயரை எடுத்தாலே சண்டை. போன வாரம் கேன்டீனில் மைக்ரோவேவ் முன்னால் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் ரிட்டயர் ஆகும் வயசு, இன்னொருவர் புதுசாகச் சேர்ந்த பையன். பெரியவர், "அவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்ன இடத்தில் நிற்க மாட்டேன் என்றால் போகட்டும்" என்கிறார். பையன், "அவன் முதுகில் குத்திவிட்டார்கள்" என்கிறான். ரெட் சாக்ஸ் டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு டிரேட் செய்து, அதாவது வேறு ஆட்களுக்கு மாற்றாகக் கொடுத்து, ஒரு வருஷம் ஆகப்போகிறதாம். இன்னுமா?

எனக்குப் புரியாதது இதுதான். அணியின் சிறந்த பேட்டரை சீசன் நடுவில், அதுவும் எதிரி அணியான நியூயார்க் யாங்கீஸை ஜெயித்த அன்றைக்கே எப்படி அனுப்புவார்கள்? ஐபிஎல்லில் வீரர் சம்மதிக்காமல் டிரேட் கிடையாது. இங்கே கேட்கவே மாட்டார்களா? தேர்ட் பேஸில் ஃபீல்டிங் நின்றவரை ஃபர்ஸ்ட் பேஸுக்கு மாறச் சொன்னால் அது அவ்வளவு பெரிய விஷயமா?

இன்னொன்று. பக்கத்துத் தெருவில் பழைய சாமான் விற்றபோது என் பெண்ணுக்கு ஒரு டிஷர்ட் வாங்கினோம். முதுகில் டெவர்ஸ், 11. அதைப் போட்டுக்கொண்டு ரெட் சாக்ஸின் ஃபென்வே மைதானத்துக்குப் போனால் யாராவது ஏதாவது சொல்வார்களா?

—

சன்னிவேல்சேது எழுதியது:

வாங்க நண்பரே. நான் அந்தப் பக்கத்து ஆள், ஜயன்ட்ஸ் ரசிகன். எங்கள் ஊருக்கு வந்த கதையை நான் சொல்கிறேன், பாஸ்டன் கதையை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.

2025 ஜூன் 15, ஞாயிறு. அன்று இரவு லாஸ் ஏஞ்சலஸில் எங்களுக்கும் டாட்ஜர்ஸுக்கும் ஆட்டம். கைல் ஹாரிசன்தான் பிட்ச் செய்ய, அதாவது பந்து வீச, வேண்டும். சான் ஹோசேயில் பிறந்த பையன், எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. ஆட்டம் தொடங்கப் போகும் நேரத்தில் அவரை எடுத்துவிட்டார்கள். என்ன ஆச்சு, கையில் வலியா என்று நாங்கள் பதறிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் வந்தது: டெவர்ஸ் இங்கே, ஹாரிசன் பாஸ்டனுக்கு. கூடவே பிட்சர் ஜோர்டன் ஹிக்ஸ், 2024 டிராஃப்டில் (புது ஆட்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றில் எடுத்த ஜேம்ஸ் டிப்ஸ், இன்னொரு இளம் பிட்சர். பாக்கிச் சம்பளம் 25 கோடி டாலருக்கும் மேல், முழுக்க எங்கள் தலையில்.

நாங்கள் ஏன் ஒத்துக்கொண்டோம் என்றால் வேறு வழியில்லை. பெரிய பேட்டர் யாரும் எங்களிடம் வருவதில்லை. ஏரன் ஜட்ஜ் வருவார் வருவார் என்று காத்திருந்தோம், அவர் யாங்கீஸிலேயே இருந்துவிட்டார். கார்லோஸ் கொரியா வந்தே விட்டார் என்று நினைத்தோம், மருத்துவப் பரிசோதனையில் அது கலைந்தது. 2004க்குப் பிறகு இருபது வருஷம் எங்கள் அணியில் ஒருவர்கூட ஒரு சீசனில் 30 ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி) அடிக்கவில்லை. அதனால் பஸ்டர் போசி எங்கள் அணி நிர்வாகப் பொறுப்புக்கு வந்ததும் கிடைத்ததை அள்ளிக்கொண்டார்.

பாஸ்டன்காரர்களுக்கு எரிச்சல் எங்கே என்றால், இங்கே வந்த முதல் பேட்டியிலேயே டெவர்ஸ், எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கும் தேர்ட் பேஸில் மேட் சாப்மன் இருக்கிறார், அதுவும் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருது வாங்கியவர். ஆக அங்கே எதற்குச் சண்டை போட்டாரோ அதையே இங்கே வாய் திறக்காமல் செய்தார். ஜூலை கடைசியில் ஃபர்ஸ்ட் பேஸில் இறங்கினார், ஒன்றும் மோசமில்லை.

எங்களுக்கு லாபமா என்றால், தெரியவில்லை. 90 ஆட்டத்தில் 20 ஹோம் ரன், ஆனால் பேட்டிங் சராசரி .236தான். அணி 81 வெற்றி, 81 தோல்வி என்று பாதியில் நின்றது. வேடிக்கை என்னவென்றால் அவர் மட்டும் அந்த சீசனில் 163 ஆட்டம் ஆடினார். ஒரு அணிக்கு இருப்பதே 162. இரண்டு அணியில் ஆடியதால் ஒன்று கூடிவிட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஏமாற்றும் ஆள் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

—

மால்டன்மீனாட்சி எழுதியது:

தம்பி, முதலில் டிஷர்ட். தாராளமாகப் போட்டு அனுப்புங்கள். ஃபென்வேயில் ஒரு சுற்று சுற்றினால் எந்தக் காலத்திலோ போன ஆட்களின் பெயரெல்லாம் முதுகில் பார்க்கலாம். மூக்கி பெட்ஸின் 50 இன்னும் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்! யாராவது ஏதாவது சொன்னால் அது "எங்களுக்கும் அவன்தான் பிடிக்கும்" என்பதாகத்தான் இருக்கும். யாங்கீஸ் சட்டை மட்டும் வேண்டாம்.

பெட்ஸ் பெயர் வந்துவிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் டெவர்ஸ் சண்டை டெவர்ஸிடம் தொடங்கவில்லை. 2018இல் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை ஜெயித்தோம். அந்த அணியில் பெட்ஸ், போகார்ட்ஸ், 21 வயது டெவர்ஸ் மூன்று பேரும் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் பெட்ஸை டாட்ஜர்ஸுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள், அவர் அங்கே போய் 12 வருஷத்துக்கு 36.5 கோடி கையெழுத்துப் போட்டார். 2022 டிசம்பரில் போகார்ட்ஸ் சான் டியேகோ போனார். 2023 புத்தாண்டு சமயம் ஃபென்வேயில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் வைத்தார்கள், முதலாளி ஜான் ஹென்றி மைதானத்தில் தலை காட்டியதும் கூட்டம் மொத்தமும் கூச்சல் போட்டு அவமானப்படுத்தியது. ஓரிரு நாளில் டெவர்ஸுக்கு 10 வருஷம், 31.35 கோடி டாலர் என்று செய்தி. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா? அந்த ஒப்பந்தம் எங்களைச் சமாதானப்படுத்தக் கொடுத்தது. இவனாவது இங்கேயே இருப்பான் என்று என் பையன் 11ஆம் நம்பர் சட்டை வாங்கினான்.

அவன் ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால் இரண்டு ஆட்டம் சொல்வேன். 2017 ஆகஸ்ட், யாங்கீ ஸ்டேடியம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால் இருக்கிறோம். அரோல்டிஸ் சாப்மன் மணிக்கு 102.8 மைல் வேகத்தில் போடுகிறார். இவனுக்கு அப்போது 20 வயது, பெரிய லீக்குக்கு வந்து மாசம்கூட ஆகவில்லை. இடது பக்கம் தூக்கி அடித்தான், ஹோம் ரன். இன்னொன்று 2024 செப்டம்பர். யாங்கீஸின் கெரிட் கோல், சை யங் விருது வாங்கிய பிட்சர், பேஸில் ஒருவர்கூட இல்லாதபோது நாலு விரலைக் காட்டி இவனை வேண்டுமென்றே நடக்க விட்டார், அதாவது அடிக்கவே விடாமல் ஃபர்ஸ்ட் பேஸைச் சும்மா கொடுத்தார். நான்காவது இன்னிங்ஸில்! உன்னோடு எனக்கு ஆகாது என்று எதிராளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அதோடு கோல் ஆட்டம் கண்டார், நாங்கள் 7-1 ஜெயித்தோம்.

சரி, 2025. பிப்ரவரியில் அலெக்ஸ் ப்ரெக்மனை மூன்று வருஷத்துக்கு 12 கோடி கொடுத்துக் கூட்டி வந்தார்கள். அவரும் தேர்ட் பேஸ்தான், முந்தின வருஷம் கோல்டு கிளவ் வாங்கியவர். டெவர்ஸைவிட நன்றாகத் தடுப்பார், அதில் மறுபேச்சே இல்லை. இவன் 2018இல் 24 பிழை செய்தவன். ஆனால் ஒப்பந்தம் போடும்போது தேர்ட் பேஸ் உன்னுடையது என்று சொன்னதாக இவன் சொல்கிறான். பயிற்சி முகாமில் வந்து நின்றால் அந்த இடத்தில் வேறொருவர். "தேர்ட் பேஸ் என் இடம்" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னான், ஊரே திட்டியது. அப்புறம் இறங்கி வந்தான். வெறும் டிஎச், அதாவது பேட் மட்டும் பிடித்துவிட்டு மற்ற நேரம் டக்அவுட்டில் உட்காரும் வேலை. முதல் ஐந்து ஆட்டத்தில் 15 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவது), ஒரு ஹிட்கூட இல்லை. அதையும் கடந்து வந்தான்.

மே 2ஆம் தேதி ட்ரிஸ்டன் காசஸ் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடும்போது முழங்காலில் தசைநார் அறுந்து கீழே விழுந்தார். அந்த சீசனே முடிந்தது அவருக்கு. உடனே நிர்வாகத் தலைவர் க்ரெய்க் ப்ரெஸ்லோ டெவர்ஸிடம் போய், ஃபர்ஸ்ட் பேஸ் ஆடுகிறாயா என்றார். இவன் முடியாது என்றான். மார்ச்சில் கிளவைத் தூக்கி ஓரமாக வை, இனி உனக்கு அது வேண்டாம் என்றீர்கள், மே மாசம் எடு என்கிறீர்களே, போய் வேறு ஆள் தேடுங்கள் என்று பகிரங்கமாகவே சொன்னான். அடுத்த நாள் முதலாளி, அணி போயிருந்த கான்சஸ் சிட்டிக்கு விமானம் பிடித்து வந்து பேசினார்.

வாயை அடக்கியிருக்கலாம், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். உள்ளே சொல்ல வேண்டியதை மைக் முன்னால் சொன்னான். ஆனால் ஃபர்ஸ்ட் பேஸ் என்றால் சும்மா நிற்கிற இடம் என்று நினைக்காதீர்கள் தம்பி. தேர்ட் பேஸில் பந்து உங்களை நோக்கி வரும், பிடித்து 127 அடி தூரம் எறிவீர்கள். ஃபர்ஸ்ட் பேஸில் உங்கள் கண் எறிகிறவன் மேல் இருக்கும், கால் பார்க்காமலே பேஸைத் தேடிப் பிடிக்க வேண்டும், தரையில் குத்தி வருகிற பந்தை உடம்பை நீட்டிப் பொறுக்க வேண்டும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கற்றுக்கொள் என்றால் எப்படி?

என்னால் இன்னும் செரிக்க முடியாதது ஒன்று உண்டு. அதே மே மாசக் கடைசியில் ப்ரெக்மனுக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டு ஜூலை வரை ஆடவில்லை. தேர்ட் பேஸ் காலி! டெவர்ஸ் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டார்களா? இல்லை. புதுப் பையன் மார்செலோ மேயரை வரவழைத்தார்கள். ஒரு வாரம் அந்த இடத்தில் நிற்க விட்டிருந்தால் பாதிக் கோபம் அங்கேயே போயிருக்கும். வீம்பு இரண்டு பக்கமும்தான். ஒருவனுக்கு வயசு 28, அவனுக்கு எதிரே யேல் பல்கலைக்கழகத்தில் படித்த ப்ரெஸ்லோவும் அவர் பின்னால் ஒரு பெரிய அலுவலகமும். யார் முதலில் இறங்கி வர வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். யாங்கீஸை மூன்று ஆட்டமும் ஜெயித்தாயிற்று. கடைசி ஆட்டம் 2-0, அதில் டெவர்ஸ் ஒரு ஹோம் ரன். நான் திங்கட்கிழமைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். பையன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். பொய்ச் செய்தியாக இருக்கும் போடா என்றேன். கிரைண்டர் சத்தத்தில் அவன் திரும்பத் திரும்பக் கத்துகிறான், "ஹிக்ஸாம்மா, ஹிக்ஸைக் கொடுத்திருக்காங்க!"

சம்மதம் கேட்பார்களா என்றால், கேட்க மாட்டார்கள். பெரிய லீக்கில் 10 வருஷம் ஆடி, அதில் கடைசி 5 வருஷம் ஒரே அணியில் இருந்தால்தான் வேண்டாம் என்று சொல்லும் உரிமை. இல்லையென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். இவனுக்கு எதுவும் இல்லை. 2017இல் வந்தவன், இன்னும் கொஞ்ச வருஷம் போயிருந்தால் கிடைத்திருக்கும். நிர்வாகத்துக்கு அதுவும் தெரியும்.

—

எண்கணக்கன் எழுதியது:

அக்கா எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் கடைசியில் எத்தனை ஜெயித்தோம் என்று ஒரு வரிகூட இல்லை.

டெவர்ஸ் இருந்தபோது 37 வெற்றி, 36 தோல்வி. போன பிறகு 52 வெற்றி, 37 தோல்வி. மொத்தம் 89, 2021க்குப் பிறகு முதல் முறையாக பிளேஆஃப். டிரேட் முடிந்ததும் ப்ரெஸ்லோ, இன்னும் அதிகமாக ஜெயித்தாலும் ஆச்சரியப்படாதீர்கள் என்கிற அர்த்தத்தில் பேசினார். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயித்தோமா இல்லையா?

டிஎச் இடம் காலியானதால் அவுட்ஃபீல்டில் இருந்த நெரிசல் குறைந்தது, இளம் ஆட்களுக்கு இடம் கிடைத்தது. அப்படி வந்த இளம் ஆள் ரோமன் அந்தோணிக்கு ஆகஸ்டில் 8 வருஷம், 13 கோடி கொடுத்தார்கள், அதற்கு எங்கிருந்து பணம்? தடுப்பாட்டம் வராத ஒருவருக்கு, இரண்டு தோளிலும் ஏற்கெனவே வலியோடு ஆடியவருக்கு, 2033 வரை சம்பளம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? தலைவலி வேறு ஊருக்குப் போயிற்று. தவிர, கோடிக்கணக்கில் வாங்குபவர் அணிக்கு ஆபத்து நேரத்தில் உதவ மாட்டேன் என்றால், அந்த அறையில் இருக்கும் 20 வயதுப் பையன்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

—

மால்டன்மீனாட்சி எழுதியது:

எண்கணக்கா, எண்ணையே எடுத்துக்கொள்வோம்.

52-37 எப்படி வந்தது? க்ரோஷே மாதிரி ஒரு பிட்சர் இருந்தார், சாப்மன் (அதே அரோல்டிஸ் சாப்மன்தான், இப்போது நம்மிடம்!) ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒருவரையும் விடவில்லை, ஜூலையில் ப்ரெக்மன் திரும்பி வந்தார். இவர்களெல்லாம் டெவர்ஸ் இருந்திருந்தால் மோசமாக ஆடியிருப்பார்களா? அவன் போனதால் ஜெயித்தோம் என்பதும் சேவல் கூவியதால் விடிந்தது என்பதும் ஒன்று. அவன் போகும்போது 15 ஹோம் ரன், 58 ஆர்பிஐ (அவன் பேட்டால் அணிக்கு வந்த ரன்கள்), அணியில் முதல் ஆள்.

பிளேஆஃபையும் பாருங்களேன். யாங்கீஸோடு மூன்று ஆட்டம். முதல் ஆட்டத்தில் க்ரோஷே தயவில் 3-1. இரண்டாவது 3-4. மூன்றாவது? 0-4. காம் ஷ்லிட்லர் என்கிற புதுப் பையன், நம்ம மாசச்சூசட்ஸில் வளர்ந்தவன், எட்டு இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக் அவுட். ஒரு ரன்கூட எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோமே, அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் பயமில்லாமல் பேட் சுற்ற ஒருவன் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

அந்தோணிக்குக் கொடுத்ததில் எனக்கு சந்தோஷம்தான். ஆனால் பணம் இல்லாததால் ஒருவனை அனுப்பி இன்னொருவனுக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லாதீர்கள், இது ஏழை அணி இல்லை. ஃபென்வேயில் ஒரு பியர், ஒரு ஹாட் டாக் விலையைப் பாருங்கள்.

வாங்கிய சரக்கு என்ன ஆனது? டிப்ஸ் நம்மிடம் ஆறு வாரம்தான் இருந்தார், ஜூலை 31இல் டஸ்டின் மே என்கிற பிட்சருக்காக டாட்ஜர்ஸுக்குக் கைமாறினார். ஹாரிசன் பெரும்பாலும் வூஸ்டரில், மைனர் லீக்கில் கிடந்தார். ஹிக்ஸ் 100 மைலில் போடுவார், பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. அவர் வந்து நின்றாலே என் பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். சம்பளத்தை ஜயன்ட்ஸ் தலையில் கட்ட வேண்டும், அதற்காக எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார்கள்.

யாருக்காக இத்தனையும்? ப்ரெக்மனுக்காக. ஒரே ஒரு சீசன். ஒப்பந்தத்தில் விலகும் வசதி இருந்தது, விலகினார், 17.5 கோடிக்கு சிகாகோ கப்ஸ் அணியில் சேர்ந்துவிட்டார். தேர்ட் பேஸில் இருந்தவனையும் அனுப்பியாயிற்று, அவன் இடத்துக்கு வந்தவரும் போயாயிற்று. எண்கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

—

எண்கணக்கன் எழுதியது:

ப்ரெக்மனைப் பிடித்து வைக்காதது தப்பு, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அது வேறு கணக்கு. டெவர்ஸுக்கு 2026 அக்டோபரில் 30 வயது. கால் மெதுவாகும், தோள் வலிக்கும். 2030இல் இதே திரியைத் தூக்கி மேலே போடுகிறேன், அப்போது அக்கா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

—

சன்னிவேல்சேது எழுதியது:

2030இலும் சம்பளம் கொடுக்கப் போவது நாங்கள்தானே, உங்களுக்கு ஏன் தம்பி இவ்வளவு கவலை? ஹிக்ஸ் மட்டும் எங்களிடம் திரும்பி வராமல் இருந்தால் போதும், அக்கா.